கடைசிப் பதினொரு கிலோமீட்டர்

ஆப்பிரிக்காவில் பள்ளிக்கூடம் போக வழியில்லாத பிள்ளைகளுக்காக நாலு நாளில் நானூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அதற்கு ஒரு விதி வைத்தான் பாருங்கள், எந்தப் புண்ணியவானோ. ஒவ்வொருவர் கைப்பிடியிலும் ஒரு பிள்ளையின் போட்டோ. முழுத் தூரத்தையும் மிதித்து முடித்தால் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு முடியும்வரை பள்ளியில் இடம். பாதியில் விட்டால் இடம் கிடையாது. எங்கோ இருக்கிற குழந்தையின் படிப்பு இங்கே யாரோ ஒருவரின் முழங்காலை நம்பித் தொங்கியது.

பயணத்துக்கு மெக்கானிக்காக வந்தவளுக்கு முதல் நாளே இது பிடிக்கவில்லை. சொந்தமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவள். கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். ஆனால் அவளுடைய அக்கா ஆசைப்பட்டுப் பேர் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் இருபது வருஷமாக நிற்கிற கால்கள் அக்காவுடையவை. அவள் கைப்பிடியில் இருந்தது முன்பல் விழுந்த ஒரு சிறுமி. ராத்தங்கும் இடத்தில் அந்தப் போட்டோவைத் துடைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

கடைசி நாள் காலையில் ஒருங்கிணைப்பாளர் வந்தார். விதிப்புத்தகம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார் என்பதால் மெக்கானிக் அவருக்கு வைத்த பேர் ‘ரூல்ஸ்’.

"அந்த ஸ்பேர் பின் சக்கரத்தை நம்ம அமைப்போட தலைவர் ஓட்டற சைக்கிள்ல மாட்டிடும்மா. இன்னைக்குப் போட்டோ எடுப்பாங்க, பழைய சக்கரம் அசிங்கமா தெரியும்."

"சார், இருக்கறதே ஒண்ணுதான். வழியில யாருக்காவது போச்சுன்னா?"

"நாளைக்கா ஓட்டப் போறாங்க? இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்தானே."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினாள். அதற்காகத் தன்னையே பிற்பாடு எத்தனை தடவை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை. மதியம், முடிவிடத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் இருக்கும்போது, அக்காவின் பின் சக்கரம் பள்ளத்தில் விழுந்து அப்பளமாக நொறுங்கியது. கூட வந்த வேனில் தேடினால் டியூப் இருக்கிறது, செயின் இருக்கிறது, சக்கரம் மட்டும் இல்லை.

"வேன்ல ஏறுனா இந்தப் பொண்ணுக்கு இடம் போயிடும்டி," என்றாள் அக்கா. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

நாலரை மணிக்கு எல்லைக்கோட்டைத் தாண்டினாள். மேடையில் தலைவருக்கு மெடல் போட்டுக்கொண்டிருந்ததால் இங்கே கைதட்ட ஆளில்லை. ரூல்ஸ் மட்டும் புத்தகத்தோடு வந்தார்.

"நடந்த தூரம் சேராதும்மா. மிதிச்சிருக்கணும்."

"நாலு மணி நேரமா சுமந்துட்டு வந்திருக்கா சார்."

"நான் என்ன பண்றது, விதி. ஆறு மணிக்குள்ள மிதிச்சு வந்தாதான் கணக்கு, அப்புறம் கேட்டை மூடணும்."

அக்கா போட்டோவைத் துடைத்தாள். திரும்பிய மெக்கானிக்கின் கண்ணில், சுவரில் சாய்த்துவைத்திருந்த தலைவரின் சைக்கிள் பட்டது. பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரோட்டில் கொஞ்ச தூரம் உருண்டாலே நடுவில் இருப்பவை தேய்ந்து போய்விடும். காலையில் அவள் கையால் மாட்டிய சக்கரத்தில், நட்டநடுவில், ஒவ்வொரு முடியும் சீவிவிட்டது போல நின்றது. தொண்ணூறு கிலோமீட்டரும் அந்த மனுஷன் சைக்கிளைக் காரில் ஏற்றி வந்திருக்கிறார். அக்காவுக்கு உதவியிருக்க வேண்டிய சக்கரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சும்மா ஊர்வலம் விட்டிருக்கிறார்.

"இரு, மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கிறேன்," என்று கிளம்பியவளின் கையை அக்கா எட்டிப் பிடித்தாள்.

"அவர் கைப்பிடியைப் பாருடி."

அங்கேயும் ஒரு போட்டோ. காது விடைத்த ஒரு சின்னப் பையன், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான்.

"நீ உண்மையைச் சொன்னா அவருக்கு மெடல்தான் போகும். இவனுக்குப் பள்ளிக்கூடமே போயிடும்."

என்ன அக்கிரமம் இது. ஏமாற்றியவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாதபடி நடுவில் ஒரு குழந்தையை நிறுத்திவைத்திருக்கிறார்கள், அதற்குக் கருணை என்று பேர் வேறு. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளைக் கவிழ்த்தாள். ஸ்பேனர் எடுத்துச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஏம்மா, அது தலைவர் சைக்கிள்," என்று ரூல்ஸ் ஓடிவந்தார். பின்னாலேயே மெடலோடு தலைவரும் வந்தார்.

மெக்கானிக் டயரைத் தலைவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, நடுவில் நின்ற முடிகளைக் கட்டைவிரலால் மெதுவாக வருடிக் காட்டினாள். தலைவர் முகம் வெளுத்தது.

"எடுத்துட்டுப் போகட்டும்," என்றார்.

அந்தச் சக்கரத்தை மாட்டிய சைக்கிளோடு வேன் அக்காவைச் சக்கரம் உடைந்த அதே பள்ளத்தில் கொண்டுபோய் இறக்கியது. ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது மிதித்தே கோட்டைத் தாண்டினாள். மேடை காலியாக இருந்தது. ரூல்ஸ் சிறுமியின் பேருக்கு நேராகக் குறித்துவிட்டுக் கேட்டைப் பூட்டப் போனார்.

"இருங்க சார், இந்த கேட் நாளைக்குச் சாயங்காலமும் திறந்திருக்கணும்," என்றாள் மெக்கானிக். அவள் கையில் காது விடைத்த பையனின் போட்டோ இருந்தது.

"எதுக்கும்மா? அந்தப் பையனுக்குத்தான் இடம் கிடைச்சாச்சே."

"கிடைச்சிடுச்சு. அதை அழிச்சா உங்க தலைவர் மெடலும் போயிடும். ஆனா இன்னைக்கு அவனுக்காக யாருமே மிதிக்கலை சார். அந்தத் தொண்ணூறு கிலோமீட்டரை நாளைக்கு நான் மிதிக்கிறேன். உங்க தலைவரை இங்க வந்து நிக்கச் சொல்லுங்க, மெடலை மறக்காம எடுத்துட்டு."

அக்காவின் கைப்பிடியில், முன்பல் விழுந்த சிறுமிக்குப் பக்கத்தில், பையனின் போட்டோவை வைத்துக் கட்டினாள்.