தொப்பிக்கு அளந்த படகு

வைப்ரண்டின் பட்டறைக்கு யார் வந்தாலும் அவன் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன ஏத்தப் போறீங்க?"

வைக்கோல் என்றால் படகுக்கு ஒரு வயிறு, செங்கல் என்றால் வேறு வயிறு. ஸான் ஆற்றங்கரையில் படகு கட்டுகிறவர்கள் காகிதத்தில் படம் போடுகிற வழக்கமில்லை. சரக்கைச் சொன்னால் போதும், மீதியைக் கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருந்த கோவர்ட் இந்தக் கேள்விக்கு, "ஒண்ணும் ஏத்த மாட்டேன்" என்றார்.

"ஒண்ணுமே இல்லையா ஐயா?"

"நான் ஏறுவேன். என் சம்சாரம் ஏறுவா. பெரிய மனுஷங்க நாலு பேர் ஏறுவாங்க."

"ஏறி எங்க போவீங்க?"

"எங்கேயும் இல்லை. கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வந்துடுவோம்."

வைப்ரண்ட் இழைப்புளியைக் கீழே வைத்தான். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு பதில் அவன் கேட்டதில்லை. யாக்ட் என்ற பேரைக் கேள்விப்பட்டிருந்தான். கொள்ளைக்காரர்களைத் துரத்திப் பிடிக்கக் கட்டிய வேகப் படகு அது. பிறகு ஆம்ஸ்டர்டாம் பிரபுக்கள் அதில் மெத்தை போட்டு உட்கார்ந்தார்கள். இப்போது அவர்கள் எதைத் துரத்துகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. புரியாதது எதையும் விட முடியாத குணம் அவனுக்கு. ஒப்புக்கொண்டான்.

கோவர்ட் ஹெர்ரிங் மீன் வியாபாரி. உப்பிலிட்ட ஹெர்ரிங் பீப்பாய்களால் நிறைந்த கிடங்குகள் மூன்று இருந்தன. ஆனால் தன்னை 'வடகடல் வணிகர்' என்றே சொல்லிக்கொள்வார். கழுத்திலிருந்து கால் வரை கறுப்புத் துணி; ஒரு வெள்ளிப் பொத்தான்கூடக் கிடையாது, பிரசங்கியார் கோபித்துக்கொள்வார். படகுக்கு மட்டும் பின்புறத்தில் இரண்டு சிங்கங்கள், நடுவில் சங்கு ஊதும் ஒரு கடல் தேவதை, எல்லாவற்றுக்கும் தங்க ரேக்கு.

வைப்ரண்டின் மனைவி டியூவர் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். "பொத்தான் வெச்சா பாவம், சிங்கம் வெச்சா பாவமில்லையா ஐயா?"

"என் மேல இருந்தா அது என் அகம்பாவம். படகு மேல இருந்தா படகோட அகம்பாவம். பிரசங்கியார் படகைக் கேட்டுக்கட்டும்" என்றார் கோவர்ட்.

பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். படகின் அறைக்குள் அவர் தொப்பியோடு நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அது நியாயமான ஆசைதான். அந்த ஊரில் ஆண்கள் சாப்பாட்டு மேசையில் தொப்பியைக் கழற்றுவதில்லை, தேவாலயத்தில்கூடக் கழற்றுவதில்லை. கழற்றினால் எதிரே இருப்பவன் உன்னைவிடப் பெரியவன் என்று அர்த்தம். தன் சொந்தப் படகில், தாழ்ந்த கூரைக்கு முன்னால் கோவர்ட் ஏன் கழற்ற வேண்டும்? ஆனால் அவருடைய தொப்பி நீர்நாய் ரோமத்தில் செய்தது, தேவாலயக் கோபுரம் போல நிற்பது. வைப்ரண்ட் அதை அளந்தான். ஒன்றேகால் அடி.

"இவ்வளவு உசரமா அறை வெச்சா படகுக்குத் தலைக்கனமாயிடும் ஐயா. ஒரு பக்கமா சாஞ்சிடும்."

"சாயாம கட்டறதுக்குத்தானே மேஸ்திரி உம்மகிட்ட வந்திருக்கேன்?"

ஜூன் மாதம் யாரோ ஒரு ஜெர்மானிய இளவரசர் ஆம்ஸ்டர்டாமுக்கு வருவதாக இருந்தது. அவர் கண்டு களிக்க, துறைமுகத்துக்கு முன்னால் நாற்பது யாக்டுகள் பொய்ச் சண்டை போடும். முன்வரிசையில் பத்துக்குத்தான் இடம். நேராக நிற்காத படகைக் காய்கறிப் படகுகளுக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். "ஸான்காரனுக்கு வைக்கோல் படகுதான் வரும்" என்று நகரத்துப் பட்டறைக்காரர்கள் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கப் பார்க்கும் நாளில் இந்தப் படகு கவிழ்ந்தால் வைப்ரண்டுக்கு ஆயுசுக்கும் வைக்கோல்தான்.

மே மாதக் கடைசியில் படகைத் தண்ணீரில் விட்டார்கள். அது மிதந்தது, அழகாகக்கூட இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுச் சண்டைக்குக் காது கொடுக்கிறவள் மாதிரி இடது பக்கம் சாய்ந்து நின்றது. கோவர்ட் வலது பக்கம் நகர்ந்தார். படகும் அவரோடு வலது பக்கம் வந்தது.

"மரியாதை தெரிஞ்ச படகு," என்றாள் டியூவர்.

வைப்ரண்ட் ஒரு பிடி காய்ந்த பட்டாணியை அறைத் தரையில் போட்டு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தான். பிறகு வேலையாட்களை ஒவ்வொருவராக அடித்தட்டில் மல்லாக்கப் படுக்க வைத்தான். பத்துப் பேருக்குப் பட்டாணி ஓட்டம் குறைந்தது, இருபது பேருக்கு நடையானது. பட்டறையில் ஆள் தீர்ந்து, பக்கத்து மரமறுக்கும் ஆலையிலிருந்து எட்டுப் பேரைக் கூப்பிட்டு வந்தான். இருபத்தெட்டாவது ஆள் படுத்ததும் பட்டாணி நின்ற இடத்தில் நின்றது.

"இருபத்தெட்டு ஆள் கனம் அடிபாரம் வேணும் ஐயா. மணல் போட்டுடலாம்."

"மணலா! நாளைக்கே 'கோவர்ட் மணல் படகு ஓட்டறான்'னு பேசுவாங்க. முடியாது."

"கல்லு?"

"கல்லு எங்கேருந்து வரும்? நார்வேலேருந்து மரக்கப்பல்காரன் அடியில போட்டு வர்ற பாசி பிடிச்ச கல்லுதானே? என் படகுலயா?" கோவர்ட் தாடையைத் தடவினார். "இந்த இருபத்தெட்டுப் பேரையே படுக்க வெச்சிட்டா என்ன?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"மூச்சு விடணுமே ஐயா," என்றான் வைப்ரண்ட்.

பீரங்கிக் குண்டு என்றால் கௌரவமாக இருக்கும் என்று கோவர்ட் கடற்படைக் கிடங்குக்கு ஆளனுப்பினார். ஸ்பெயின்காரனோடு நிஜமாகவே சண்டை நடந்துகொண்டிருப்பதால் குண்டு தருவதற்கில்லை என்று பதில் வந்தது. சண்டை இவ்வளவு முக்கியமான காரியங்களுக்கு இடைஞ்சலாக இருப்பதை அவர் இரண்டு நாள் கண்டித்தார்.

விழாவுக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது. கோவர்டின் மனைவி மாக்டெல்ட் படகைப் பார்க்க வந்தாள். சாய்ந்த தரையில் காலை அகட்டி நின்றுகொண்டு வைப்ரண்டிடம் கேட்டாள்.

"மேஸ்திரி, கனமா இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அம்மா. உருளாம அடுக்கி ஆப்பு வெச்சிடுவேன்."

"ஏங்க, நம்ம கிடங்குல என்ன இருக்கு?"

"அதைச் சொல்லாதே," என்றார் கோவர்ட்.

"நான் சொல்லலை. ஊர் சொல்லுது. நீங்க சந்துக்குள்ள திரும்பறதுக்கு முன்னாடியே உங்க கோட்டு சொல்லுது."

"மாக்டெல்ட்!"

"காய்கறிப் படகுக்குப் பின்னாடி நிக்கறீங்களா, பீப்பாயை ஏத்தறீங்களா?"

காய்கறி என்ற சொல் வேலை செய்தது. மூடிகளைத் தாரால் அடைக்க வேண்டும், மேலே துருக்கிக் கம்பளம் விரிக்க வேண்டும், யாரும் வாய் திறக்கக்கூடாது என்று மூன்று உத்தரவுகள் போட்டுவிட்டு கோவர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினான்கு பீப்பாய் இறங்கியது. வைப்ரண்ட் பட்டாணியைப் போட்டான். ஓடவில்லை.

விழா நாளன்று படகைக் கட்டியவனும் கூட ஏற வேண்டும் என்பது வழக்கம்; மூழ்கினால் சேர்ந்து மூழ்கட்டும் என்று யாரோ யோசித்து வைத்தது. பொய்ச் சண்டைக்கு அட்மிரல் ரெய்னியர் என்பவர். மற்ற நாட்களில் சர்க்கரை காய்ச்சுகிறவர். ஆரஞ்சுப் பட்டை மார்பில் குறுக்கே ஓட, உடைவாள் காலுக்கிடையில் சிக்க, ஒவ்வொரு படகாக ஏறிச் சோதித்தார். கோவர்டின் படகில் பாய்மரத்தை முழங்கையால் இடித்துப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது.

"நேராத்தான் நிக்குது. முன்வரிசை."

வைப்ரண்ட் மூச்சை விட்டான். ஆனால் பாய் விரித்தால் எப்படிப் போகும் என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

வெயில் ஏறியது. பீரங்கிகள் குண்டில்லாமல் வெறும் வெடிமருந்தை வெடித்தன. ஒவ்வொரு அதிர்வுக்கும் அடித்தட்டில் மூடிகளின் தார் கொஞ்சம் விரிசல் விட்டது. உப்புத் தண்ணீர் ஒரு பீப்பாயிலிருந்து மெல்லக் கசிந்தது. முதலில் ஒரு கடற்புறா வந்து கடல் தேவதையின் சங்கில் உட்கார்ந்தது. பிறகு மூன்று. அரை மணியில் வெள்ளை மேகம் ஒன்று கோவர்டின் படகுக்கு மேல் மட்டும் கத்திக்கொண்டே வந்தது. மற்ற முப்பத்தொன்பது படகுகளுக்கு மேல் வானம் சுத்தமாக இருந்தது.

பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் கத்தினார். "கோவர்ட்! சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிட்டு வந்துட்டே போலிருக்கே!"

"வாடிக்கைக்காரங்கப்பா!" என்றது இன்னொரு படகு.

கோவர்ட் அறைக்குள்ளேயே, கூரைக்கு ஒரு விரல் கீழே தொப்பியை நிறுத்தி, வெளியே நடப்பது தனக்குச் சம்பந்தமில்லாதது போல நின்றார். மானம் கப்பலேறும் என்பார்கள். அவருடையது இளவரசர் பார்க்கப் பாய்விரித்துப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மேற்கிலிருந்து காற்று அடித்தது. எச்சரிக்கை இல்லாத, ஓங்கி அறைகிற காற்று. நகரத்துப் பட்டறைகளின் யாக்டுகள் தங்க முதுகைக் காட்டிப் புரண்டன. ஒன்றின் பாய்மரம் முறிந்தது. அட்மிரலின் படகில் ஒரு சிங்கம் கழுத்து வரை தண்ணீர் குடித்தது. அட்மிரல் முழங்காலில் விழுந்தார், தொப்பி பறந்து போய்க் காய்கறிப் படகுகளைத் தாண்டி மிதந்தது.

வைப்ரண்ட் சுக்கானைப் பிடித்தவன் தோளைத் தட்டி, "விடு, போகட்டும்" என்றான். படகு ஒரு முறை சாய்ந்தது, அவன் கண்ணை மூடினான். உள்ளங்கால் வழியாகத் தெரிந்தது: அடியில் கனம் நின்று பிடித்தது, படகு மெல்ல நிமிர்ந்தது, நிமிர்ந்தபடியே தண்ணீரை அறுத்துக்கொண்டு ஓடியது. கடற்புறாக்கள் பின்னால் தங்கிவிட்டன. அவ்வளவு வேகம்.

கரைக்கு வந்ததும் ரெய்னியர் வெறுந்தலையோடு ஏறி வந்தார். "இளவரசர் கேட்டார், நேரா நின்ன படகு யாருதுன்னு. அடியில என்னய்யா வெச்சிருக்கே?"

"பீரங்கிக் குண்டு," என்றார் கோவர்ட்.

ரெய்னியர் மோப்பம் பிடித்தார். மாக்டெல்ட் கம்பளத்தின் ஓரத்தைக் காலால் தள்ளினாள்.

யாரும் சிரிக்கவில்லை. ரெய்னியர் குனிந்து பீப்பாய்களை எண்ணினார். முகத்தில் மரியாதை மெல்லப் பரவியது.

"அப்போ இதுதான் சூட்சுமமா?"

கோவர்ட் ஒரு கணம்தான் தடுமாறினார். "வேற என்ன? மூணு வருஷ யோசனை. ஹெர்ரிங் தண்ணியில பிறந்ததுதானே ரெய்னியர், தண்ணி அதை மறக்குமா?"

"மணல் போட்டாலும் இப்படித்தான் ஓடும் ஐயா," என்றான் வைப்ரண்ட்.

"நீங்க யாரு?"

"கட்டினவன்."

"அப்படியா! உம்ம பட்டறை எங்க இருக்கு?" என்றார் ரெய்னியர். மணல் அவர் காதில் ஏறவே இல்லை.

அடுத்த வாரம் ஸான் கரையில் மூன்று பிரபுக்கள் வந்து இறங்கினார்கள். மூவரும் யாக்ட் கேட்டார்கள். நகரத்துப் பட்டறைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. வைப்ரண்ட் மணலைப் பற்றி இரண்டு முறை சொன்னான். "தொழில் ரகசியத்தை விட மாட்டேங்கறார்" என்று ஒருவர் மற்றவர் காதில் சொன்னார். டியூவர் கணவனின் காலை மிதித்தாள்.

"ஏன்யா, வாயை மூடிட்டு ஓக் மரத்துக்குச் சொல்லி அனுப்பு."

மூவரில் ஒருவராக வந்திருந்த ரெய்னியர் கடைசியாக அவனைத் தனியாக ஓரம் கட்டினார். புதுத் தொப்பி, பழையதைவிட உயரம். "மேஸ்திரி, ஹெர்ரிங் கோவர்டோட கௌரவம். ஊரெல்லாம் இப்ப அதைத்தான் பேசுது. எனக்கு என் கௌரவம் இருக்கு. என் படகுக்கு அடியில சர்க்கரைக் கூம்பு அடுக்கணும்."

"சர்க்கரையா ஐயா? அடித்தட்டுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்குமே."

"முதல் தரச் சர்க்கரை மேஸ்திரி," என்றார் ரெய்னியர், அதிலேயே பதில் இருப்பது போல. மாதிரிக்கு ஒரு கூம்பை நீலக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த டியூவர், வைப்ரண்ட் ஒரு வாளி ஆற்றுத் தண்ணீருக்கு முன்னால் குந்தியிருப்பதைப் பார்த்தாள். வாளிக்குள் சர்க்கரைக் கூம்பு நின்றது. அதன் மூக்கு ஏற்கனவே மழுங்கியிருந்தது.

"என்ன பண்றே?"

"முன்வரிசையிலேருந்து இளவரசர் மேடை வரைக்கும் போறதுக்குள்ள எவ்வளவு கரையுதுன்னு பாக்கறேன்."

டியூவர் பட்டாணிக் கஞ்சியை மறந்து பக்கத்தில் குந்தினாள்.