பெட்டை இல்லாத பாட்டு

ஒரு குருவியின் பாட்டுக்கு நானூறு ரூபாய் விலை வைத்தார் நீலமேகம். காரைக்காலில் ஃபிஞ்ச் குருவி ஜோடியாகவே முன்னூறுக்குக் கிடைத்த காலம் அது. “பாட்டுக்குத்தாம்மா நானூறு, குருவி இனாம்” என்றார். ஆராய்ச்சி மாணவி பாரதிப்ரியா பேரமே பேசாமல் எண்ணிக் கொடுத்ததில் அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

அவர் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். குருவி வளர்ப்பது ஆசைக்கு. இந்தச் சேவல் குருவி அவர் விரலில் வந்து உட்காரும்.

பாரதிப்ரியா முதல் நாளே விளக்கியிருந்தாள். தனியாகப் பாடினாலும் பெட்டைக்குப் பாடினாலும் நம் காதுக்கு ஒரே பாட்டுதான். மூளைக்குள் நடப்பது வேறு. தனிமையில் பாடும்போது ஓரிடம் மாங்குமாங்கென்று வேலை செய்யும். எதிரே பெட்டை இருந்தால் அதே இடம் அடங்கிக் கிடக்கும். அவளுக்கு வேண்டியது தனியாகப் பாடும் சேவல். மூளைக்குள் எப்படிப் பார்ப்பாள் என்று நீலமேகம் கேட்கவில்லை. ஏதோ மிஷின் இருக்கும். ஐஸ் கேட்டாள், பெட்டி நிறையக் கொடுத்தார்.

கிராக்கி வரும்போது சரக்கு மினுங்க வேண்டும். மீன் என்றால் தண்ணீர் தெளிக்கலாம். சேவல் ஊமையாக உட்கார்ந்துவிட்டால்? சாக்குத் திரைக்குப் பின்னால், சேவல் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பெட்டையை வைத்தார்.

“பெட்டை எதுவும் இல்லீங்களே?”

“ஒண்ணுகூட இல்லம்மா.” நேற்றைய ஐஸ் மீனை இப்போதுதான் கரையேறியது என்று விற்கும் அதே வாய்.

சேவல் அரைமணி நேரம் பாடித் தீர்த்தது. அவள் குறித்துக்கொண்டாள். பிறகு அதைக் கையில் எடுத்து, கத்தரிக்கோலால் தலையை நறுக்கி, பட்டாணி அளவு மூளையை அவருடைய ஐஸில் வைத்தாள்.

எத்தனை ஆயிரம் வஞ்சிரத் தலை வெட்டியவர். அவருக்கு எச்சில் புளித்தது. கொல்லைக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார்.

அப்போதுதான் சாக்குக்குப் பின்னாலிருந்து பெட்டை கூப்பிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சாக்கை விலக்கினார்.

“இதைப் பாத்துக்கிட்டுதான் பாடிச்சுங்களா?”

“ஆமாம்மா.”

“முன்னாடியே சொல்லியிருந்தா நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேங்க. எது இதைப் பாத்துப் பாடினது, எது தானாப் பாடினதுன்னு நான் குறிக்கலை. இப்ப எந்தக் கணக்குலயும் சேராது.”

அவர் நானூறையும் நீட்டினார். நோட்டில் மீன் கவிச்சு.

“வச்சுக்குங்க. பாட்டுக் கேட்டேன்ல.”

அவருக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது, அவளைப் பார்த்தா தன் கையைப் பார்த்தா என்று தெரியவில்லை. பெட்டை விடாமல் கூப்பிட்டது. அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினாள்: இதுவரை தனியாகப் பாடிய சேவல்கள் ஐந்து. பெட்டைக்குப் பாடியவை ஆறு. கழிவு ஒன்று.