ஈ விரட்டாத கால்

சோஹைலுக்கு முதலில் சந்தேகம் தட்டியது ரூபி நொண்டியபோது அல்ல, நொண்டாமல் நடந்தபோது.

ரூபி ஒரு செவலைப் பெட்டைக் குதிரை. பெங்களூரில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தவள், இடது முன்னங்காலில் நரம்பு வீங்கிக் கழித்துவிடப்பட்டாள். மொரப்பூருக்கு அருகே பால் பண்ணை வைத்திருந்த மாதவராஜ் அவளை வாங்கிவந்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் லாயம் கட்டி வைத்துக்கொண்டார். அவளை ஓட்டிப் பழக்க அரூரிலிருந்து தினமும் பைக்கில் வந்து போனவன் சோஹைல். அவனும் பெங்களூரில் ஜாக்கியாக இருந்தவன்தான். ஒரு மழைக்காலப் பந்தயத்தில் முன்னால் போன குதிரை இடறி விழ, இவன் குதிரை அதன் மேல் ஏறிப் புரண்டது. உடைந்த தோளெலும்புக்குத் தகடு வைத்தார்கள். கை சரியாகிவிட்டது. ஆனால் குதிரைகள் உரசிக்கொண்டு ஓடும்போது இடைவெளி கண்டால் உள்ளே புகும் தைரியம் இவனுக்குப் போய்விட்டது என்று அங்கே பேச்சுக் கிளம்பியது. அப்படியொரு பேச்சுக் கிளம்பிய ஜாக்கிக்கு யாரும் சவாரி கொடுப்பதில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு, தண்ணீர் வற்றிய ஏரியில் குதிரைப் பந்தயம் நடத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். போன வருடம் மாதவராஜ் அப்போது வைத்திருந்த குதிரை கடைசியாக வந்தது. மைக்கில் யாரோ கிண்டலாகச் சொன்ன ஒரு வார்த்தையை அவர் வருடம் முழுக்க மறக்கவில்லை. இந்த முறை ரூபியின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர்கள் மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து அரூர் பேருந்து நிலையம்வரை நின்றன. படத்தில் குதிரையை விட அவர் முகம் பெரிதாக இருந்தது.

பந்தயத்துக்குச் சில வாரம் இருக்கும்போது ரூபியின் பழைய கால் மறுபடி வீங்கியது. தொட்டால் சுட்டது. நடக்கும்போது தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"ஓடவுட்டா ஒடஞ்சிரும் மொதலாளி. இந்த வருசம் வேணாங்க" என்றான் சோஹைல்.

மாதவராஜ் கோபப்படவில்லை. "பாக்கலாம் பாய். ஒரு வாரம் கெடக்கட்டும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அவன் வந்தபோது ரூபி நிமிர்ந்து நின்றாள். லாயத்தைச் சுற்றி நடத்திப் பார்த்தான். பிசகே இல்லை. ஏறி ஏரிக்குள் விட்டான். முதலில் மெதுவாகத்தான் போனாள். கரையோரம் திரும்பியதும் அவளாகவே கழுத்தை நீட்டினாள், அவ்வளவுதான். காற்று கண்ணில் அறைந்து நீர் வழிந்தது. காய்ந்த மண் குளம்புக்குக் கீழே பறை அடித்தது. அவள் மூச்சும் அவன் மூச்சும் ஒரே கதியில் ஏறி இறங்கின. கரையில் நின்ற மாதவராஜின் மகன் ராஜா வாயில் விரல் வைத்து விசிலடித்தான். சோஹைல் இறங்கும்போது தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். பெங்களூரை விட்டு வந்தபின் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் வந்து பார்த்தால், ரூபி தலையை ஆட்டி ஆட்டி நொண்டினாள்.

அதற்கடுத்த முறை ஓட்டவேண்டிய நாளன்று மறுபடி நன்றாக நடந்தாள். மறுநாள் நொண்டினாள். ஓட்டும் நாளில் மட்டும் குணமாகும் கால் எந்த ஊரில் உண்டு?

அவன் கண் பூவரசன் மேல் விழுந்தது. பூவரசன் லாயத்திலேயே தங்கிக் குதிரைக்குத் தீனி வைத்துக் குளிப்பாட்டுகிறவன். சித்தேரி மலையிலிருந்து வேலைக்கு வந்தவன், அதிகம் பேசமாட்டான். இப்போது சுத்தமாகப் பேச்சை நிறுத்தியிருந்தான். அந்தக் காலில் எந்நேரமும் துணி சுற்றி வைத்தான். சோஹைல் குனிந்தால் குறுக்கே வந்து நின்றான்.

"கட்ட அவுரு, பாக்கணும்."

"இப்பத்தான் பாய் கட்னேன். மருந்து ஒட்டியிருக்குது."

"என்னா மருந்து?"

"மஞ்சளும் எண்ணையுந்தான். வேறென்ன இருக்குது இங்க?" பூவரசன் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. சோஹைலின் சட்டைப் பையையே பார்த்தான்.

இவன் என்னத்தையோ மறைக்கிறான் என்று சோஹைல் முடிவு கட்டினான். கிருஷ்ணகிரிப் பக்கம் குதிரை வைத்திருக்கும் யாரோ இவனைக் கைக்குள் போட்டிருக்கலாம். பந்தயத்தன்று நடுவழியில் குதிரை விழவேண்டும் என்று யாராவது ஏற்பாடு செய்திருக்கலாம். அதன்பின் சீக்கிரமே வந்து, கொட்டகை மறைவில் நின்று பூவரசனைக் கவனிக்கத் தொடங்கினான். பூவரசன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினான். துணி மாற்றினான். அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தான். யாருக்குப் பயந்து பார்க்கிறான் என்று தெரியவில்லை.

மாதவராஜும் தினமும் பால் கறக்கும் நேரத்தில் மாடுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு லாயத்துக்கு வந்து ரூபிக்கு வெல்லம் கொடுத்துவிட்டுப் போவார். அதை சோஹைல் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் மனைவி அன்ஜுமிடம் சொன்னான். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? சந்தேகம் குதிர மேலயா, உங்க மேலயேவா?"

"என்ன பேச்சு இது?"

"விழுந்ததுலருந்து எந்தக் குதிரயப் பாத்தாலும் உங்களுக்குக் காலு சரியில்லாத மாரித்தான் தெரியுது. அதான் கேட்டேன்."

அன்று படுத்தபின்னும் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. பயந்தவன் கண்ணுக்கு எல்லாக் காலும் உடைந்த கால்தானோ? பூவரசனைச் சந்தேகப்பட்டது போலவே தன்னையும் சந்தேகப்பட ஆரம்பித்தான். அதுதான் அவனை அதிகம் தின்றது.

பந்தய நாள் வந்தது. ஏரிக்கரை நிறையக் கூட்டம். ஒலிபெருக்கி அலறியது. குச்சி ஐஸும் பொரியும் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தன. இங்கிருந்து கிளம்பி, எதிர்க்கரைப் பனைமரத்தைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். ஆறு குதிரைகள். ரூபிக்குச் சேணம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். காலில் துணி இல்லை. வீக்கம் கொஞ்சம் இருந்தது, ஆனால் நேராக ஊன்றி நின்றாள்.

வெயிலுக்கு ஈ மொய்த்தது. ரூபி வாலைச் சுழற்றினாள். பின்னங்கால்களைத் தரையில் உதைத்தாள். வலது முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். இடது காலில் மட்டும், குளம்புக்குச் சற்று மேலே, ஈக்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தன. அந்தத் தோல் சிலிர்க்கக்கூட இல்லை.

சோஹைல் குனிந்தான். ஈக்களை விரட்டிவிட்டு அந்த இடத்தை நகத்தால் அழுத்திக் கிள்ளினான். ரூபி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மயிருக்கு அடியில் விரலில் தட்டுப்பட்டது ஒரு பொட்டு ரத்தம், காய்ந்தும் காயாமலும். பல் பிடுங்கும்போது ஈறில் போடுவார்களே, அது மாதிரி மரத்துப்போகும் ஊசி. வலி தெரியாத குதிரை முழு வேகத்தில் அந்தக் காலை ஊன்றும். எங்கே நிறுத்தவேண்டும் என்று அதற்குத் தெரியாது.

பக்கத்தில் நின்ற பூவரசனின் சட்டையைப் பிடித்தான். "ஊசி போட்டியாடா?"

பூவரசன் கையைத் தட்டிவிட்டான். அவன் முகம் கறுத்துப் போயிற்று. "நானா? வைக்கோல்ல ஊசி கெடந்துச்சு. நீ ஓட்டற நாள்ல எல்லாம் கெடந்துச்சு. பெங்களூர்ல கத்துக்கிட்டு வந்து நீதான் போடறன்னு, கால உன் கையில குடுக்காம நான் காத்துக்கிட்டு கெடக்கறேன்!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். இத்தனை நாள் இவன் அவனையும் அவன் இவனையும் காவல் காத்திருக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி மாதவராஜைப் பார்த்தார்கள். மாடு முப்பது வைத்திருப்பவர். தன் மாடுகளுக்குத் தன் கையாலேயே ஊசி போடுகிறவர்.

மாதவராஜ் வெள்ளை வேட்டியில், கழுத்தில் மாலையோடு வந்தார். "ஏறு பாய், கூப்புடறாங்க."

"ஏறமாட்டேங்க. காலு மரத்துக் கெடக்குது."

"யாரு சொன்னா?"

"நானே கிள்ளிப் பாத்தேங்க. நீங்களும் கிள்ளிப் பாருங்க."

அவர் குனியவில்லை. கூட்டத்துக்குக் கேட்கும்படி சிரித்தார். "விழுந்த பயம் போவுலன்னு சொல்லு. அதுக்கெதுக்குக் காலு மேல பழி போடற?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் சோஹைலுக்கு ஒரு கணம், ஏறிவிடலாமா என்றிருந்தது. கை கடிவாளம்வரை போயிற்று. பிறகு இறங்கிவிட்டது.

"நான் ஏறறேன்ப்பா" என்று குரல் கேட்டது. ராஜா. காலேஜ் முடித்துவிட்டு அப்பாவோடு பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவன். யாரும் தடுக்குமுன் அங்கவடியில் கால் வைத்துத் தாவி ஏறிவிட்டான்.

"ராஜா, வேணாம். நெசமாத்தான் சொல்றேன், எறங்கு" என்று சோஹைல் கடிவாளத்தைப் பிடித்தான்.

"வுடுங்கண்ணா. நீங்க ஒரு தடவ விழுந்தீங்கன்னா எல்லாருமா விழுவாங்க?" ரூபியைக் குதிகாலால் தட்டினான். அவள் துள்ளிப் போய் வரிசையில் நின்றாள்.

மாதவராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. மாலை ஒரு பக்கம் சரிய முன்னால் ஓடினார். "ராஜா! எறங்குடா! டேய், அது மேல நீ போவாத! எறங்கு!"

யாரும் போகாதே என்றல்ல, நீ போகாதே என்ற அலறல் அது. சோஹைலுக்கு அதற்குமேல் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. கொடி விழுந்தது.

ஆறு குதிரைகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. கரை முழுக்க ஒரே கூச்சல். பனைமரத்துக்குப் பாதி வழியிலேயே ரூபி தனியாகப் பிரிந்து முன்னால் போனாள். வயிறு தரையைத் தொட்டுவிடும்போல நீண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஓடிய ஒவ்வொரு குதிரையும் மாட்டு வண்டி இழுக்கிற மாதிரி தெரிந்தது. அவ்வளவு அழகாக அவள் ஓடி சோஹைலே பார்த்ததில்லை. அந்த நிலையிலும் அவன் தொண்டைக்குள் "போ, போ" என்று ஒரு குரல் எழுந்தது. அடுத்த நொடி அதற்காக வெட்கப்பட்டான். பனைமரத்துத் திருப்பத்தில் எடை முழுவதும் இடது காலில்தான் இறங்கும். அவன் ஓட ஆரம்பித்தான். பூவரசனும் ஓடினான்.

திருப்பத்தில் கால் மடங்கியது. சத்தம் இவ்வளவு தூரம் கேட்டிருக்க முடியாது, ஆனால் கேட்டதாகவே சோஹைல் பிற்பாடு சொன்னான். ரூபி தலைகுப்புறப் போக, ராஜா வீசியெறியப்பட்டான். பின்னால் வந்த குதிரைகள் இரு பக்கமும் விலகிப் பிழைத்தன, ஒன்றைத் தவிர. அதன் குளம்பு ராஜாவின் தொடையில் இறங்கியது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரூபி மூன்று காலில் எழுந்து நின்றிருந்தாள். நான்காவது கால் தோலில் தொங்கியது. வலி தெரியாமல் அதையும் ஊன்றப் பார்த்தாள். பூவரசன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கால்நடை மருத்துவர் வந்து கடைசி ஊசி போட்டு அவளைப் படுக்கவைக்கும்வரை விடவில்லை. ராஜாவை ஆம்புலன்சில் ஏற்றி சேலத்துக்குக் கொண்டு போனார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊரில் வேறொரு கதை ஓடியது. ஊசி போட்டவன் எவனோ அவன்தானே ஏறமாட்டேன் என்பான்? பெங்களூரில் இதெல்லாம் பழகியவன் யார்? மாதவராஜ் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் சோஹைலை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வைக்கோலில் கிடந்த ஊசிகளைப் பற்றியும், வெல்லம் கொடுக்க வருகிறவரைப் பற்றியும் பூவரசன் போய்ச் சொன்னான். கூலிக்காரன் பேச்சுத்தானே என்று அதைக் காதில் போட்டுக்கொள்ள யாருமில்லை. அன்ஜும் சாப்பாடு கொண்டுவந்தாள். அவளும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே அவனுக்குக் கேட்டது போலிருந்தது.

ராஜாவுக்கு நினைவு தெளிந்தபின் இன்ஸ்பெக்டர் சேலம் போனார். சோஹைலையும் கூட்டிப்போனார். கட்டில் ஓரத்தில் மாதவராஜ் டீ ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். ராஜாவின் கால் கம்பிகளில் மாட்டித் தூக்கி வைக்கப்பட்டிருந்தது.

"இவருதான் ஊசி போட்டாரா தம்பி?"

ராஜா சோஹைலைப் பார்த்தான். "இல்லைங்க சார். அப்பா கத்துனது எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுமா எறங்கல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அண்ணன் பயப்படறாரு, அத பாத்து அப்பாவும் பயப்படறாருன்னு நெனச்சேங்க. அண்ணன் ஏறப் போனப்ப எங்கப்பா அப்புடிக் கத்தலியேன்னு, இங்க வந்து படுத்தப்பறந்தான் ரோசன வந்துச்சு."

மாதவராஜ் ஃப்ளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றினார். மகன் பக்கம் நீட்டினார். ராஜா வாங்கவில்லை. அதில் என்ன கலந்திருக்குமோ என்பதுபோல டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா டீதாண்டா" என்றார் மாதவராஜ்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். சோஹைலைப் பார்த்து, நீங்க போகலாம் என்று கை காட்டினார்.