கெஸாயா தூங்குகிறாள்

வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் ஆம்ப்ரோஸ் இறந்துபோன மனைவியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, போர்வையைக் காதுவரை இழுத்துவிட்டார்.

விடியலில்தான் கெஸாயாவின் மூச்சு நின்றது. மகள் லுசிண்டாவுக்கு வாய்விட்டு அழக்கூட வழியில்லை. தாயின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, துவைக்கப் போகிறவளைப்போல அழுக்குத்துணிக் கூடையோடு ஒஹாயோ ஆற்றுக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் ஒரு படகுக்காரர் அவளை அக்கரை சேர்த்துவிடுவார். அக்கரையில் வேலைக்குக் கூலி உண்டு. இக்கரைக் கென்டக்கியில் வேலை செய்கிற ஆளுக்கே விலை போட்டார்கள்.

கெஸாயாவின் பால் குடித்து வளர்ந்தவள் துரைசானி. கெஸாயா இருக்கும்வரை லுசிண்டாவை விற்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். புகையிலை போட்டுப் போட்டு இங்கே மண் செத்துவிட்டது. தெற்கே பருத்திக்காடுகளுக்கு எத்தனை ஆள் போனாலும் போதவில்லை. கெஸாயாவின் மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படித்தான் விலைபோனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். இப்போது கரோலினாவில் பீரங்கி வெடித்துவிட்டதாம். வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை மூண்டு ஆற்றுவழி அடைபட்டால் ஆள் விலை விழுந்துவிடும் என்று துரைக்குப் பயம். ஆள் வாங்க வந்த மிசிசிப்பித் தரகன் துரையின் பெரிய வீட்டிலேயே தங்கியிருந்தான். சாவுச் சேதி வெளியே போனால் அடுத்த நிமிடமே லுசிண்டாவைத் தேடுவார்கள்.

துரைசானி கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். "எப்படி இருக்கா?"

"இப்பத்தான் கண்ணசந்தா, அம்மா. ராத்திரி பூரா ஒரே திட்டு. என் குறட்டையில தூக்கம் போச்சாம். படுத்த படுக்கையிலயும் வாய் குறையல."

அவள் சிரித்தாள். "லுசிண்டா எங்க?"

"துவைக்கப் போயிருக்கா. இவள எழுப்பட்டுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"வேண்டாம். முகத்தப் பாத்தா எனக்குச் சொல்ல வராது." துரைசானி கட்டிலோரம் உட்கார்ந்து போர்வையைப் பார்த்துப் பேசினாள். "கெஸாயா, ஐயா நேத்தே லுசிண்டாவ வித்துக் கையெழுத்துப் போட்டுட்டார். நாளைக்குக் காலையில அவ கிளம்பணும். நான் எவ்வளவோ சொன்னேன். என்னைச் சபிச்சிராத."

அவளைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும்போல் இருந்தது ஆம்ப்ரோஸுக்கு.

"எழுந்ததும் சொல்றேன், அம்மா."

"இந்தக் கோழிச்சாறக் குடிக்க வை. கிண்ணத்துக்கு ஆள் அனுப்புறேன்."

அவள் போனபின் ஆம்ப்ரோஸ் மனைவியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"கேட்டியாடி? வாக்காவது வெங்காயமாவது, பிள்ளைய அக்கரைக்கு அனுப்பிடுன்னு நீ அடிச்சுக்கிட்டது சரியாப் போச்சு. நான்தான் நம்பித் தொலைச்சேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போர்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டார்.

பொழுது சாய இன்னும் நேரம் கிடந்தது. சாறு அப்படியே திரும்பிப் போனால் துரைசானி மறுபடி பார்க்க வந்துவிடுவாள். அவர் கரண்டியை எடுத்தார். மடக்கு மடக்காக விழுங்கினார். கடைசிக் கரண்டியை மட்டும் கெஸாயாவின் உதட்டில் வைத்து, வழிந்ததைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டார்.