முதல் நாற்காலி

பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். சூலூர்க் கோயிலில் அந்த வரிசையின் முதல் நாற்காலி தலைமைச் சீடர் பேதுருவின் இடம். பதினோரு வருஷமாக அது விசைத்தறி ஓட்டும் சவரிநாதனுக்குத்தான். அதற்குமுன் அவர் அப்பாவுக்கு. இந்த வருஷம் சாமியார் அதை மரியபுஷ்பத்துக்குக் கொடுத்துவிட்டார். நாலு வருஷத்துக்கு முன் தபாலில் விவிலியம் படித்துப் பட்டயம் வாங்கியவள் அவள்.

சவரிநாதனுக்கு வயிறு எரிந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண் அவள் பாதத்துக்குத்தான் போனது. "பரம்பரை வழக்கமுங்க சாமி," என்று முறையிட்டார். சாமியார் சிரித்ததோடு சரி.

அன்றுதான் பைபிளைத் தூசி தட்டி எடுத்தார். யோவான் பதிமூன்றாம் அதிகாரத்தில் இயேசு மற்றவர்களுக்குக் கழுவிக்கொண்டேதான் பேதுருவிடம் வருகிறார். அப்படியானால் முதல் ஆள் யார்? வேதம் சொல்லவில்லை. ஃபோனில் தேடினார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசாக இருக்கலாம் என்று பழைய திருச்சபைத் தந்தை ஒருவர் எழுதியிருந்தார். வேதமும் கையில், மரபும் கையில்!

வியாழக்கிழமை கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்தினார். "ஏனுங்க அம்மணி, அது பேதுரு சேர் இல்லீங்க. யூதாசு சேருங்க!" என்று ஆதாரத்தோடு விளக்கினார்.

மரியபுஷ்பம் பொறுமையாகக் கேட்டாள்.

"படிச்சப்பவே பாத்தனுங்கண்ணா," என்றாள். "நீங்க உக்காந்திருந்தீங்களே, சங்கடப்படுவீங்கன்னுதான் இத்தன வருசமா ஆருகிட்டயும் சொல்லலீங்க."