ஏகாதசியன்று எடுத்த இரத்தம்

மடத்தில் சேர விரும்புவதாக நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு பக்கத்தில் பதில் வந்தது. சேர விரும்பும் பெண் ஓராண்டாவது வீட்டை விட்டு வெளியே தங்கி, ஒரு வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பிறகும் விருப்பம் மாறவில்லை என்றால் நேரில் வரலாம். எல்லோருக்கும் இதுதான் விதி என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு அது தண்டனைக் காலம் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு மட்டும் பரம சந்தோஷம்.

"நல்லாத்தான் சொல்லிக்கிறாங்க. ஒரு வருசம் வெளிய இரு. நாலு பேரப் பார்த்தா தானா தெளிஞ்சிடும்" என்றாள். மணலூர்பேட்டையில் எங்கள் கரும்பு வெட்டு முடிந்த மறுநாள், ஒரு பெட்டியோடும் ஒரு தலையணையோடும் என்னைக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறையில் அந்தப் பெண்கள் மடத்தில் பத்து நாள் தங்கியிருந்தேன். விடியற்காலைப் பிரார்த்தனை பிடித்திருந்தது. அதைவிட, ஏகாதசி அன்று அங்கே யாருமே பேசமாட்டார்கள் என்பது பிடித்திருந்தது. "வாயத் தொறந்து பேசேன்டி" என்று கேட்டே வளர்ந்தவள் நான். பேசாமல் இருப்பதை விரதமாக மதிக்கும் இடம் ஒன்று உலகத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் மாதத்தில் இரண்டு ஏகாதசியும் மௌனம் இருக்கத் தொடங்கினேன்.

உயிர்வேதியியலில் பி.எஸ்சி.யும், அதற்குப் பின் லேப் டிப்ளமோவும் முடித்திருந்ததால் வேலை சீக்கிரம் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையம். முதலாளி தெய்வசிகாமணி சார். என்னையும் சேர்த்து இரண்டு பெண்கள் வேலை பார்த்தோம். மற்றவள் ஷாலினி, கருணாபுரத்துக்காரி. பேச்சை நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும் என்பது போலப் பேசுவாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"சாமியாரம்மா, ரெண்டாவது பெட்டுல ஒரு தாத்தா உக்காந்துகினு இருக்காரு. போய் ஆசீர்வாதம் பண்ணி அப்படியே ஒரு ஊசியும் குத்திட்டு வா."

முதல் நாளே சார் ஒரு விதி சொல்லித் தந்தார். ஊசி குத்துவதற்கு முன் பெயரைக் கேட்க வேண்டும். அவர்களே வாயால் சொல்ல வேண்டும். இரத்தம் எடுத்த பிறகு, அந்த ஆள் எழுந்து போவதற்குள் குழாயில் பெயர் எழுத வேண்டும். முன்கூட்டியே எழுதி வைக்கவே கூடாது. எனக்கு அது கஷ்டமாக இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "பேர் சொல்லுங்க" என்று கேட்பது, ஊசி குத்துவதைவிடக் கஷ்டம். ஏகாதசிகளில் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு ஈடாக வேலை செய்தேன். எட்டு மாதம் இப்படிப் போனது.

ஒன்பதாவது மாதம், கல்வராயன் மலையில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய இரத்தசோகை முகாமுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் போக வேண்டிய ஒரு சிற்றூர். முகாம் நாள் ஏகாதசி. விடுப்புக் கிடைக்கவில்லை.

"இன்னிக்கும் வாய்க்குப் பூட்டா?" என்றாள் ஷாலினி, பஸ்ஸில். தலையாட்டினேன். "சரி வுடு. நான் பேர் கேக்கறேன், நீ குத்து. பாவத்துல ஆளுக்குப் பாதி."

ஆனால் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். இரத்த அழுத்தம் பார்க்க ஆள் இல்லை என்று ஷாலினியை அடுத்த மேசைக்கு இழுத்துக்கொண்டார்கள். நான் தனியாக நின்றேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் விரதத்தை விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. கையில் பெயர்ப் பட்டியல் இருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஊதா மூடிக் குழாய்களில் ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை பெயர்களை எழுதி அடுக்கி வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொருவராகக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

ஒரு வார்த்தை பேசாமல் நாற்பத்தொரு பேர். மாலையில் மலை இறங்கும்போது, அன்றைய விரதம் முழுமையாக இருந்தது என்று எனக்குள் ஒரு பெருமை.

மறுநாள் காலை நான் போவதற்குள் ஷாலினி முடிவுகளை அந்த ஊர் நர்ஸின் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தாள். பத்து மணிக்கு அந்தப் பட்டியலைப் பதிவேட்டில் ஏற்ற உட்கார்ந்தேன்.

இருபத்து மூன்று: ரம்யா, வயது இருபது, எட்டு மாதக் கர்ப்பம். ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி ஆறு. நன்றாக இருக்கிறாள்.

இருபத்து நான்கு: சின்னப்பொண்ணு, வயது நாற்பத்தாறு. ஐந்து புள்ளி எட்டு. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனவள் நின்றுவிட்டேன். ஆட்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. எனக்குக் கைகள்தான் ஞாபகம் இருக்கும். இருபத்து நான்காவது குழாயை நிரப்பிய கையில் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை இருந்தன. ஊசி குத்துவதற்கு அவற்றைக் கீழே தள்ளவே நேரமாயிற்று. வளைகாப்பு வளையல்கள். அதற்கு முந்தைய கையில் பச்சை குத்தியிருந்தது. நரம்பு கயிறு மாதிரி கெட்டியாகக் கிடைத்தது.

நாற்பத்தாறு வயதுக்காரி வளைகாப்பு வளையல் போட்டிருக்கமாட்டாள்.

இரண்டு பேரும் வரிசையில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பெயர் கேட்கவில்லை. இரத்தமே இல்லாத ஒரு கர்ப்பிணியிடம் நீ நன்றாக இருக்கிறாய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சாரின் அறைக்குப் போனேன். அவர் ஏதோ இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"பேர் கேக்காம எப்புடிம்மா ஒட்டுன?"

"நேத்து ஏகாதசிங்க சார்."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "ஏகாதசிக்கும் டியூபுக்கும் இன்னாம்மா சம்மந்தம்?"

வாசலில் நின்ற ஷாலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நர்ஸுக்கு ஆறு முறை அழைத்தேன். மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. சார் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. "அடுத்த பஸ்ஸுக்குப் போ. ரெண்டு பேருக்கும் திரும்ப எடு. கையில எடுத்துகினு போற மெசின்லயே அங்கயே பாரு. மத்தவங்களையும் விசாரி, வேற யாராவது மாறி உக்காந்தாங்களான்னு" என்றார்.

ஷாலினி பையை நிரப்பித் தந்தாள். "ஊசி, பஞ்சு, டியூபு எல்லாம் வச்சுட்டேன். வாய நீதான் எடுத்துகினு போவணும்."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் வரை மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். வெள்ளிமலையில் ஜீப் நிரம்பிக் கிளம்பிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் ஒரு கூட்டம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பச்சை குத்திய கைக்காரி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அனுப்பிய செய்தி காலையிலேயே வந்துவிட்டது. அவள் தன் ஆடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளாடு பெரியவளுக்கு. செவலை ரெண்டும் சின்னவளுக்கு. எவளும் சண்ட போடக்கூடாது."

பக்கத்தில் அவளுடைய மருமகள் ரம்யா அழுதுகொண்டே அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வளையல்கள் குலுங்கின. அவள் உதடு வெளுத்திருந்தது. நேற்று ஏன் பார்க்கவில்லை?

"தப்பு என்னோடது" என்றேன். அடுக்கி வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. இரத்தம் மாறிப்போச்சு. நான்தான் பேர் கேக்காம எடுத்துட்டேன்."

யாரும் நான் சொன்னதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சின்னப்பொண்ணு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஏ, ஊமப்புள்ள பேசுது!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முந்தின நாள் முழுக்க அந்த ஊரே என்னை வாய் பேசாத பெண் என்று நினைத்திருக்கிறது. காதும் கேட்காது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"இவளுக்கு ஊசின்னா பயம்" என்றாள் சின்னப்பொண்ணு, ரம்யாவைக் காட்டி. "நீ மொதல்ல போ அத்தன்னு என்ன முன்னால தள்ளிட்டா. நான் மாறி உக்காந்துகினேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். பாவம், காது கேக்காத புள்ளகிட்ட இன்னாத்த சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

"நான் கையக் காட்டி காட்டி சொன்னேங்க்கா. நீங்க நிமிந்தே பாக்கல" என்றாள் ரம்யா.

சின்னப்பொண்ணு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நேத்து சாயங்காலந்தான் கரியராமருக்கு வெளக்கு வச்சு வேண்டிக்கினேன். இவ்ளோ படிச்ச புள்ள, இவ்ளோ பூவாட்டம் ஊசி குத்துது, அதுக்கு ஒரு பேச்சக் குடுடா சாமின்னு. இன்னிக்கே குடுத்துட்டாரு பாரேன்."

நேற்று பகல் முழுவதும் நான் மனதுக்குள் நாமம் சொல்லிக்கொண்டுதான் ஊசி குத்தினேன். நாற்பத்தொரு பேரில் ஒருவருக்காகக்கூட நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருத்தி போய் எனக்காக விளக்கு வைத்திருக்கிறாள்.

விரதம் என்று சொல்லி விளக்கினேன். பேச முடிந்தும் ஒருத்தி பேசாமல் இருப்பாள் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. கரியராமர் செய்ததுதான் என்று இருந்துவிட்டார்கள்.

திரும்ப இரத்தம் எடுத்தேன்.

"பேர் சொல்லுங்க."

"அதான் தெரியுமே."

"நீங்க சொல்லணுங்க."

"சின்னப்பொண்ணு."

"வூட்டுக்காரர் பேர்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். "அத அவ சொல்லமாட்டா, முனியன்னு நாங்க சொல்றோம் எழுதிக்கோ" என்றாள் ஒருத்தி. "இப்ப நீ விரதமாக்கும்!" என்று இன்னொருத்தி அவளைச் சீண்டினாள்.

ரம்யாவின் இரத்தத்தைப் பார்த்தேன். ஐந்து புள்ளி ஏழு. சின்னப்பொண்ணுவிடம் சொன்னேன். தன் உயிர் திரும்பக் கிடைத்ததற்கு அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள், மடியிலிருந்த பையை மெதுவாக மருமகளின் கையில் கொடுத்தாள். "இது எனக்கே இருந்திருக்கக் கூடாதா" என்றாள்.

வரிசையில் இருந்த மற்ற எல்லோரையும் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். வேறு யாரும் மாறியிருக்கவில்லை. அதற்குள், சின்னப்பொண்ணுக்காக நர்ஸ் காலையிலேயே சொல்லிவைத்திருந்த ஆம்புலன்ஸ் வந்தது. சின்னப்பொண்ணு முன்னால் ஏறிக்கொண்டாள். நான் ரம்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலை இறங்க இறங்க அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏதாச்சும் பேசிகினே வாங்கக்கா. பயமா இருக்குது."

பேசினேன். எங்கள் கரும்புக் கொல்லையைப் பற்றி, அம்மா எனக்குப் பார்த்த மாப்பிள்ளைகளைப் பற்றி, ஷாலினி சாரைப் போல நடித்துக் காட்டுவதைப் பற்றி. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை வாசல் வரை பேசினேன். தொண்டை வலித்தது.

மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். அதில் ஒன்று ஷாலினி கொடுத்தது. "சாமியாரம்மாவோட பாவத்துல பாதி எனக்குன்னு சொன்னேனே" என்றாள். ஐந்து வாரம் கழித்து ரம்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

ஆண்டு முடிந்ததும் மடத்துக்கு நேரில் போனேன். ஏன் வர விரும்புகிறாய் என்று கேட்டார்கள். முதலில் இங்கே பேசாமல் இருக்கலாம் என்பதற்காகத்தான் வர நினைத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். பிறகு மலையில் நடந்ததைச் சொன்னேன். இப்போது பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் எனக்கு ஆட்களின் முகங்கள் வருகின்றன, அவர்களுக்காக அங்கே உட்கார்ந்திருக்க விரும்புகிறேன் என்றேன். தை மாதம் வரச் சொன்னார்கள்.

அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "ஒரு வருசத்துல நல்லா பேசக் கத்துகினே, அதுக்காவது அந்த மடத்துக்காரங்களுக்குப் புண்ணியம்" என்றாள்.

போவதற்கு முன் ஒருமுறை மலைக்குப் போனேன். சின்னப்பொண்ணு சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். குழந்தையை ரம்யா என் மடியில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அடிப்பாவி. கஷ்டப்பட்டு வேண்டி வாங்கிக் குடுத்தா, போய் வாய மூடிக்கப்போறியா?"

"மாசத்துல ரெண்டு நாள்தாங்க பேசக்கூடாது."

"மத்த நாளு?"

"பேசலாம்."

அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"அங்க போனா பேர மாத்திடுவாங்களாமே?"

"அதுக்கு ரொம்ப வருசம் ஆவும்."

"ஆவட்டும். மாத்துனா போன் போட்டு புதுப் பேரச் சொல்லு. கரியராமர்கிட்ட நான் யார் பேரச் சொல்லி வேண்டறது?"

சொல்கிறேன் என்றேன்.