அறுபத்திரண்டாம் அட்டை

றினோஸாவுக்கு இன்னும் ஒரேயொரு அட்டைதான் வேண்டும்.

எழுபத்திரண்டு அட்டைகள் கொண்ட தொகுதி அது. இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற தொண்ணூற்றாறாம் ஆண்டு, டொல்பின் பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு கிரிக்கெட் அட்டை இருக்கும். முன்பக்கம் படம். பின்பக்கம் சிவப்பு மையில் இலக்கமும் இரண்டு வரி விபரமும். அப்போது றினோஸாவுக்குப் பத்து வயது. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். முப்பத்தொரு அட்டை சேர்த்திருந்தாள். ஒரு மாரி மழையில் அத்தனையும் கூழாகிப் போயின.

இப்போது அவள் முல்லைத்தீவில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறாள். கணவன் நுஸ்கிக்குச் சந்தையடியில் சைக்கிள் கடை. நான்கு வருடங்களுக்கு முன் முகநூலில் யாரோ போட்ட ஒரு டொல்பின் அட்டையின் படத்தைக் கண்டவள், சோறு ஆறுவதைக் கூடக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளே சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.

சிறுபிள்ளையில் சேர்த்ததுபோல் கையில் அகப்பட்டதைச் சேர்க்கவில்லை. ஆய்வுகூடத்துக்காரியின் ஒழுங்கோடு இறங்கினாள். ஒன்றிலிருந்து எழுபத்திரண்டு வரை இலக்கங்களை எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல், குருநாகலில் ஒருவர் அரைகுறையாக விட்டிருந்த தொகுதியை அப்படியே வாங்கினாள். ஒரே நாளில் நாற்பது இலக்கங்களுக்குக் கோடு விழுந்தது. மூலை மடிந்த அட்டை வந்தாலும் வேண்டாமென்று சொல்லவில்லை. முதலில் இடத்தை நிரப்புவோம், நல்லது வந்தால் மாற்றுவோம் என்பது அவள் கணக்கு. இரண்டாவதாக வந்த அட்டைகளைத் தனிப் பைலில் போட்டு, எங்கே போனாலும் கூடவே கொண்டுபோனாள். அவற்றைக் கொடுத்துத்தான் மற்றவர்களிடம் மாற்றுவது.

அணித்தலைவரின் அட்டைதான் கடைசியில் ஆட்டம் காட்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அது மூன்று தரம் வந்தது. எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்த அட்டை அல்லவா! ஒருவரிடமும் இல்லாமல் போனது அறுபத்திரண்டாம் இலக்கம். அதில் துடுப்பாட்டக்காரரும் இல்லை, பந்துவீச்சாளரும் இல்லை. வெள்ளைத் தொப்பியும் நீளமான வெள்ளைக் கோட்டும் போட்ட ஒரு நடுவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பெயர் கூடப் போடவில்லை. ‘நடுவர்’ என்று மட்டும் இருக்கும்.

“பன்னிரண்டு வருசத்தில ரெண்டே ரெண்டுதான் கண்ணால கண்டிருக்கிறன். ரெண்டும் எனக்குக் கிடைக்கேல்ல” என்று கண்டியிலிருந்து ஒரு பழைய சேகரிப்பாளர் எழுதினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நுஸ்கி கடையிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது றினோஸா திடீரென்று கதிரையை விட்டு எழும்பினாள்.

“நான் நாலு வருசமாப் பிழையான ஆக்களிட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறன்!”

“ஆரிட்டக் கேக்கோணுமாம்?”

“பொடியன்மார் ஆரும் அம்பயரைச் சேர்த்து வைப்பாங்களோ? கிழிச்சு எறிஞ்சிருப்பாங்கள். நான் கூட அதைச் சைக்கிள் கம்பியில செருகிச் சத்தம் போட வைச்சனான். அம்பயரில விருப்பம் உள்ள ஒராள் எண்டால்தான் வைச்சிருக்கும். அம்பயர்மாரிட்டக் கேக்கோணும்!”

நுஸ்கி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே போனை எடுத்து, வன்னியில் மென்பந்துப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்களின் இலக்கங்களை ஒருவர் மூலம் ஒருவராகப் பிடித்தாள். ஆறு பேர் கைவிரித்தார்கள். ஏழாவது ஆள் கிளிநொச்சியில் இருக்கும் நிரோஜன். அவள் கேட்டதும் அவனுக்கு ஒராளின் நினைவு வந்தது.

“அக்கா, கனகராயன்குளத்தில விமலேஸ்வரி எண்டு ஒரு லேடி அம்பயர் இருக்கிறா. மட்ச் தொடங்க முன்னம் பேர்சைத் திறந்து ஒரு சின்னப் படத்தைப் பார்ப்பா. சாமிப் படமாக்கும் எண்டு ஒருநாள் எட்டிப் பார்த்தன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அம்பயர்!”

றினோஸா போனைக் காதோடு அழுத்தினாள். “பின்பக்கம் சிவப்பு எழுத்தோ?”

“அது தெரியாதக்கா. ஞாயிற்றுக்கிழமை அங்க பொம்பிளைப் பிள்ளையளின்ர மட்ச் இருக்கு. அவாதான் அம்பயர். நேர போய்ப் பாருங்கோ.”

ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். ஒட்டுசுட்டான் தாண்டி, மாங்குளத்தில் ஏ-9 வீதியில் ஏறித் தெற்கே திரும்பும் வரை றினோஸா இரட்டை அட்டைகளின் பைலையும் தன் தொகுதியை அடுக்கிய அல்பத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் ஒரு பூதக்கண்ணாடியும் ஆய்வுகூடச் சாவணம் ஒன்றும் இருந்தன. “மெதுவா ஓடுங்கோ” என்று வழக்கமாகச் சொல்கிறவள் அன்று, “இதைவிட வேகமா ஓடாதோ?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதில், ஒல்லியான ஒரு பெண் வெள்ளைத் தொப்பியோடு நின்றாள். பந்து துடுப்பின் விளிம்பில் பட்டும் படாமலும் விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. விமலேஸ்வரியின் விரல் மேலே போனது. கரையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். துடுப்பாட்டக்காரி அசையாமல் நின்றாள். விமலேஸ்வரியும் அசையவில்லை, முகம் கூடச் சுளிக்கவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளைதான் துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தது.

“உவாவிட்ட நீ என்னத்தைப் பேரம் பேசப் போறாய்?” என்றான் நுஸ்கி.

ஆட்டம் முடிந்து பாலை மர நிழலில் உட்கார்ந்த விமலேஸ்வரியிடம் றினோஸா தன்னைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டு, வந்த காரணத்தையும் சொன்னாள். விமலேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேர்சைத் திறந்து அட்டையை நீட்டினாள்.

வேர்வையும் மழையும் பட்டு ஊறிய அட்டை. நான்கு மூலையும் உருண்டிருந்தன. றினோஸா சாவணத்தால் பிடித்துத் திருப்பிப் பூதக்கண்ணாடியை வைத்தாள். இப்போது புதிதாக அச்சடித்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் சிவப்பு எழுத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் மை ஒரே தடிப்பாக, முழுதாக இருந்தது. இலக்கம் அறுபத்திரண்டு.

“உண்மையான அட்டை” என்றாள். “இதை எனக்குத் தருவீங்களோ? என்ன வேணுமெண்டாலும் மாத்தித் தாறன்.”

“இது தர மாட்டேங்க” என்றாள் விமலேஸ்வரி பட்டென்று. “இது எங்கூடவே இருக்கணும். மாத்தளையில தேயிலைத் தோட்டத்துல, எங்க லயத்துல அண்ணன்மாருங்க மட்ச் ஆடுவாங்க, என்னைய சேத்துக்க மாட்டாங்க. இந்தப் படம் வந்தா மட்டும் ‘உனக்குத்தான் இது, போய் அம்பயரா நில்லு’ன்னு கையில குடுத்திருவாங்க. நானும் போய் நின்னேன். அப்புறம் நான் சொன்னாத்தான் அவுட்டு!”

றினோஸா தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டிருக்கவே கூடாது என்று பட்டது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வீட்ல இருக்கறத வேணும்னா பாருங்களேன்.”

“வீட்டிலயோ?”

“அண்ணனுங்க நாலு பேரு. பக்கத்து லயத்துப் பசங்க வேற. எல்லாரும் எங்கிட்டதானே தள்ளிவிட்டாங்க!”

வீடு மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம். விமலேஸ்வரி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் பேணியை எடுத்து வந்து மேசையில் வைத்து, மூடியைத் திறந்தாள். மேலே தையல் நூல்கள். அவற்றை விலக்கினாள். கீழே மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தாள்.

ஒரு நடுவர். அவருக்குக் கீழே இன்னொரு நடுவர். அதற்குக் கீழேயும்.

றினோஸா விரலால் தொடாமல் வாயால் எண்ணினாள். பத்து. மூலைகள் ஊசிபோல் கூராக, மெழுகுத்தாள் காத்த பளபளப்போடு, பத்து நடுவர்கள். கதிரை இருந்ததோ இல்லையோ, அவள் இருந்துவிட்டாள். நுஸ்கி ஒரு செம்பைத் தேடி எடுத்துத் தண்ணீர் கொடுத்தான்.

“ஒண்ணு எடுத்துக்கங்க. சும்மாவே எடுத்துக்கங்க” என்றாள் விமலேஸ்வரி. “இது யாருக்கு வேணும்!”

நுஸ்கி மனைவியைப் பார்த்தான். றினோஸாவும் அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஒருவேளை இரண்டு, மூன்று கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் அப்படி எடுத்தால் அந்த இடத்தை நிரப்பிவிட்டு ஒருநாளும் நிம்மதியாக அல்பத்தைத் திறக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

“விமலேஸ்வரி, பொறுங்கோ. எல்லாருக்கும் வேணும். இந்த நாட்டில டொல்பின் அட்டை சேர்க்கிற அத்தினை பேரும் இதைத்தான் தேடுகினம். பன்னிரண்டு வருசமாத் தேடுற மனிசன் ஒராள் கண்டியில இருக்கிறார்.”

விமலேஸ்வரி ஒரு அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். மெதுவாகச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு பெரிதாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“எங்கண்ணனுங்க விழுந்து விழுந்து சேத்தானுங்களே, அதெல்லாம் இப்ப என்னாச்சு?”

“அதுகள் எல்லாரிட்டயும் இருக்கு.”

“அப்ப எல்லாருக்கும் வேண்டியது எங்கிட்ட இருக்கு.” அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். “நானும் முழுசாச் சேக்கலாமா? மொத்தம் எத்தனை?”

“எழுபத்திரண்டு” என்ற றினோஸா, பைலை விரித்தாள். “என்னட்ட ரெட்டையா ஐம்பத்தெட்டு வித்தியாசமான இலக்கம் இருக்கு. எல்லாத்தையும் எடுங்கோ. எனக்கு ஒரு அம்பயர் போதும்.”

“ஐம்பத்தெட்டுக்கு ஒண்ணா? அது நாயமில்ல. ஒண்ணுக்கு ஒண்ணு.”

“அதுதான் நியாயமில்லை! இது கிடைக்காத சாமான்.”

“எனக்குச் சும்மா கிடைச்சது.”

ஒருத்தி கூடத் தருகிறேன் என்கிறாள், மற்றவள் வேண்டாம் என்கிறாள். இப்படி ஒரு பேரத்தை நுஸ்கி சந்தையடியில் கண்டதே இல்லை. அரை மணித்தியாலம் இழுபட்டபின், ஐம்பத்தெட்டுக்கு இரண்டு என்று விமலேஸ்வரி தீர்ப்புச் சொன்னாள். மைதானத்தில் நின்ற அதே முகம். அதற்குமேல் மறுத்துப் பேச றினோஸாவுக்குத் துணிவு வரவில்லை.

அல்பத்தின் ஏழாம் பக்கத்தில், நாலு வருடமாகக் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் பைக்குள் அறுபத்திரண்டாம் அட்டையைச் சாவணத்தால் மெல்லத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். ஓரிடம் கூடக் காலியில்லை. இன்னொரு தரம் புரட்டினாள்.

“யா அல்லாஹ், முடிஞ்சுது!” என்று கத்தியது அவள் இல்லை, நுஸ்கி.

திரும்பி வரும்போது மாங்குளச் சந்தியில் தேத்தண்ணிக்கு நின்றார்கள். அட்டையைப் படமெடுத்துச் சேகரிப்பாளர்களின் முகநூல் குழுவில் போட்ட கையோடு போன் அதிரத் தொடங்கியது. கண்டிச் சேகரிப்பாளர் எழுதக்கூடப் பொறுக்காமல் அழைத்துவிட்டார். அவளிடம் மிஞ்சிய ஒன்று கைப்பையில் இருந்தது. அதை அவருக்குத்தான் கொடுப்பது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். ஆனாலும் உடனே சொல்லவில்லை.

“ஓம், கிடைக்கும். ஆனால் சும்மா இல்லை” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “கனகராயன்குளத்தில ஒராள் புதுசாத் தொகுதி தொடங்கியிருக்கிறா. அவாவுக்குப் பதின்மூன்று இலக்கம் குறையுது. பேப்பரும் பேனையும் எடுங்கோ, சொல்லுறன். ஒண்டாவது, பதினேழு...”